தேர்வே எழுதாமல் தோற்றவர்கள்

பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவுக்கு விதிமுறை வேண்டும் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் மாணவர்களைத்தான் நினைக்கிறார்கள். "பசங்க சாட்ஜிபிடியைப் பார்த்து எழுதறாங்க, அதைத் தடுக்கணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சரி, பள்ளியும் அரசும் மாணவர்களை எடைபோட கணினியைப் பயன்படுத்தினால் அதற்கு என்ன விதி? இதற்கு 2020-ல் இங்கிலாந்து ஒரு பாடம் படித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கொரோனா பரவியதால் அந்த வருடத் தேர்வுகள் நடக்காது என்று 2020 மார்ச் 18 அன்று கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் அறிவித்தார். அவற்றில் முக்கியமானது ஏ லெவல். நம் ஊர் பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னின்ன கிரேடு வாங்கினால் இடம் உண்டு என்று பல்கலைக்கழகங்கள் முன்பே நிபந்தனையோடு சொல்லியிருக்கும். கிரேடு ஒரு படி குறைந்தாலும் இடம் கைநழுவிப் போகலாம்.

தேர்வு இல்லாமல் கிரேடு எப்படிப் போடுவது? தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவால் என்ற அரசு அமைப்பு ஆசிரியர்களிடம் இரண்டு விஷயம் கேட்டது. ஒவ்வொரு மாணவரும் என்ன கிரேடு வாங்கியிருப்பார்? வகுப்பில் அவர் எத்தனையாவது இடம்? ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளைக் கூட்டிப் பார்த்தால் முந்தைய வருடங்களைவிட மிகவும் அதிகம். அப்படியே ஏற்றால் சான்றிதழுக்கு மதிப்பு போய்விடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அதற்குத்தான் அல்காரிதம் வந்தது. ஒரு பள்ளியில் ஒரு பாடத்தில் கடந்த 3 வருடங்களில் எத்தனை பேர் எந்த கிரேடு வாங்கினார்கள் என்று பார்க்கும். இப்போதைய மாணவர்களின் பழைய தேர்வு முடிவுகளை வைத்து அதைக் கொஞ்சம் திருத்தும். பிறகு ரேங்க் வரிசைப்படி கிரேடுகளைப் பங்கு போடும். 15 பேருக்கு மேல் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் கொடுத்த கிரேடு கணக்கிலேயே வராது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் 3 வருடமாக இயற்பியலில் யாரும் ஏ ஸ்டார் வாங்கவில்லை. இந்த வருடம் அபாரமாகப் படிக்கும் ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு முதல் ரேங்க் கிடைக்கும், ஆனால் ஏ ஸ்டார் கிடைப்பது குதிரைக்கொம்புதான். அதேபோல் முந்தைய வருடங்களில் சிலர் தோற்றிருந்தால், கடைசி ரேங்க் பையன் ஒழுங்காகப் படித்திருந்தாலும் தோற்க வேண்டியதுதான். சீனியர் செய்த பாவம் ஜூனியர் தலையில்!

மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் கிரேடையே ஏற்றுக்கொண்டார்கள். சிறிய வகுப்புகள் எங்கே அதிகம்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். விளைவு: ஏ அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களின் பங்கு தனியார் பள்ளிகளில் 4.7 சதவீதப் புள்ளிகள் கூடியது. பிளஸ் டூ வயதினர் படிக்கும் அரசு நிதிக் கல்லூரிகளில் 0.3 மட்டுமே.

ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது. சுமார் 39 சதவீத கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைவு. மாணவர் நேரடியாக மேல்முறையீடு செய்ய வழியில்லை, பள்ளி மூலமாகத்தான் போக வேண்டும். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி முறையிடலாம் என்று ஆகஸ்ட் 15 அன்று ஒரு விதி வெளியிட்டார்கள், அன்று இரவே வாபஸ் வாங்கினார்கள். லண்டனில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பணிந்து, ஆசிரியர் கிரேடையே ஏற்றது. அதற்குள் பலர் விரும்பிய படிப்பில் இடம் நிரம்பிவிட்டது.

பிரதமர் போரிஸ் ஜான்சன் பிறகு அதை 'உருத்திரிந்த அல்காரிதம்' என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அது திரியவே இல்லை, சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. நாட்டு மொத்தக் கணக்கு முந்தைய வருடங்களைப் போல இருக்க வேண்டும் என்றார்கள், ஏறக்குறைய அப்படியே வந்தது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்ததா என்று யாரும் அதனிடம் கேட்கச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அது செயற்கை நுண்ணறிவுகூட இல்லை, சாதாரணப் புள்ளியியல். எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஏப்ரலிலேயே ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி இரண்டு நிபுணர்களை அனுப்ப முன்வந்தது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதால் அது நின்றுபோனது.

கொரோனாவோடு போன கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. கட்டுரையை எழுதியது மனிதரா மெஷினா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் வந்தன. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை மெஷின் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அதாவது நம்மைப் போன்றவர்கள்தான் முதலில் மாட்டுவோம். அதே வருடம் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கருவியையே துல்லியம் போதாது என்று நிறுத்தியது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், பள்ளிச் சேர்க்கையையும் மாணவர் மதிப்பீட்டையும் முடிவு செய்யும் கருவிகளை அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்தது.

பள்ளிகளுக்கான விதிமுறையில் குறைந்தது இவையாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து:

1. பயன்படுத்தும் முன்பே வெளியாட்கள் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும்.
2. எந்தப் பிரிவு மாணவர்களை அது அதிகம் பாதிக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.
3. மாணவர் காரணம் கேட்கவும், நேரடியாக முறையிடவும் வழி வேண்டும்.
4. இறுதி முடிவுக்குப் பெயரோடு ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும்.

இங்கிலாந்து மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் பாதிக்கப்பட்டார்கள், அதனால் 4 நாளில் தீர்வு கிடைத்தது. நாளைக்கு ஒரு வகுப்பில் ஒரே ஒரு மாணவியை மெஷின் தவறாகக் குற்றம் சாட்டினால் அவளுக்காக யார் தெருவில் இறங்குவார்கள்? விதிமுறை தேவைப்படுவது அவளுக்காகத்தான்.