டயரில் படிக்கும் தோட்ட வரலாறு: புக்கிட் ரோத்தான் வகுப்பறைக்கு ஒரு பாடம்



நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை வரலாறு போதிக்கும் நாம், ரப்பர் என்றதும் ஒரு மரத்தின் படத்தைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் வட்டாரப் பிள்ளைகளில் பலர் பால்மரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சுற்றிலும் செம்பனைதான். ஆனால் ரப்பரில் செய்த டயரை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆகவே பாடத்தை டயரிலிருந்து தொடங்கிப் பாருங்க.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு டயர் மாற்ற வேண்டும். கடைக்காரர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார் என்று மாணவர்களிடம் கேளுங்க. விடை டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். ‘175/70 ஆர் 13 82 டி’ என்று இருந்தால், அகலம் 175 மில்லிமீட்டர். பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு. ‘ஆர்’ என்பது ரேடியல் வகை. ரிம்மின் விட்டம் 13 அங்குலம். 82 என்பது சுமைக் குறியீடு. அதன்படி ஒரு டயர் 475 கிலோ தாங்கும். இரண்டு டயருக்கு 950 கிலோ. டிரெய்லரும் அதில் ஏற்றும் சாமான்களும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. கடைசியில் உள்ள ‘டி’ மணிக்கு 190 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு. ரிம் மாற்றினால் நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பழைய ரிம்மோடு பொருந்த வேண்டும்.

பக்கவாட்டில் இன்னொரு நான்கு இலக்க எண்ணும் உண்டு. ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டிரெய்லர் பெரும்பாலும் வெயிலில் சும்மா நிற்கும் வண்டி. அதனால் பூ தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், ரப்பர் முதிர்ந்து வெடிப்பு விட்டிருக்கும். பூவை மட்டும் பார்த்து ஏமாறாமல் வயதையும் பார்க்கணும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். காற்றடைத்த டயர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1888க்குப் பிறகுதான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைச் செய்தார். அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து அங்கே வந்து சேர்ந்த 22 கன்றுகளின் வழித்தோன்றல்களை வைத்து, மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையை அவர் உருவாக்கினார். ஒரு பக்கம் டயர், மறுபக்கம் மரம். 1908இல் ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் வந்ததும் இரண்டும் இணைந்தன. 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது.

அந்த விலைதான் நம் முன்னோரைப் பெருமளவில் கப்பல் ஏற்றியது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். சிலாங்கூர்க் கடற்கரைச் சமவெளியின் காடுகள் தோட்டங்களாயின, லயங்கள் எழுந்தன. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து, கார் வாங்குவோர் குறைந்து, ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எங்கோ அமெரிக்காவில் ஒருவர் டயர் வாங்குவதும் வாங்காமல் விடுவதும் இங்கே ஒரு லயத்தில் அடுப்பு எரிவதைத் தீர்மானித்தது. உலக வணிகம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இப்போது முக்கியமான செய்தி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கி சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளுக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. அந்த சைக்கிளின் டயருக்கு வேண்டிய ரப்பரைத் தந்தது பால்வெட்டுத் தொழிலாளியின் உழைப்பு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, காண்டாவில் வாளியைத் தூக்கி நடந்தவர் அவர். சொந்தக் காசில் சைக்கிள் வாங்கிய பிறகும், அதில் உட்கார்ந்தபடி துரையைக் கடந்து போக அவருக்கு உரிமை இல்லை. கூலி உயர்வைப் போலவே அவர்கள் மரியாதையையும் கேட்டார்கள். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அடுத்த சில மாதங்களில் ஜப்பானியர் வந்தனர். மலாயா ரப்பர் கைநழுவும் என்று அஞ்சி, 1942 ஜனவரியிலேயே அமெரிக்கா டயருக்குப் பங்கீடு கொண்டுவந்தது. செயற்கை ரப்பர் ஆலைகளும் வேகமாக எழுந்தன. இங்கேயோ ரப்பரை வாங்க ஆளில்லை. மரவள்ளிக் கிழங்கு உணவானது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

போருக்குப் பின் செயற்கை ரப்பர் நிலைத்துவிட்டது. தோட்டங்கள் மெல்ல மெல்லச் செம்பனைக்கு மாறின. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. அது 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தென்னமரம் தோட்டம். அந்தப் பெயர் பலகையில் ஒரு தமிழ்ச்சொல் ஒளிந்திருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

வகுப்பில் செய்ய மூன்று வேலைகள் சொல்கிறேன். ஒன்று, வீட்டு வாகனத்தின் டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணை எழுதி வந்து அதன் வயதைக் கணக்கிடுதல். இரண்டு, சுமைக் குறியீட்டைக் கொண்டு அந்த வண்டியின் டயர்கள் எவ்வளவு தாங்கும் என்று கண்டறிதல். மூன்று, பால் வெட்டிய தாத்தா பாட்டியிடம் எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குப் பெரட்டு, முதல் சைக்கிள் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதுதல்.

மூன்றாவது வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். டயரில் அளவும் சுமையும் பிறந்த வாரமும் அச்சாகியிருக்கின்றன. பால் வெட்டியவரின் பெயர் எதிலும் அச்சாகவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம் தாமான்களிலும் மிச்சமிருக்கும் லயங்களிலும் இருக்கிறார்கள். இந்தப் பள்ளித் தவணையிலேயே பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி வையுங்க.