குபராவிகள்: கரீபியக் கடலில் படித்த பாலைவனப் பிள்ளைகள்

அல்ஜீரியாவின் தென்மேற்கு மூலையில் திந்தூஃப் என்றொரு ஊர். கோடையில் வெயில் 50 டிகிரியை நெருங்கும். சுற்றிலும் கல்லும் மணலும்தான். அதையொட்டிய அகதி முகாம்களில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போனால், அங்கே இருக்கிற டாக்டர் ஸ்பானிய மொழியில் பேசக்கூடும். அதுவும் மாட்ரிட் ஸ்பானியம் இல்லை. சொல்லின் கடைசி 'ஸ்'ஸை விழுங்கிவிட்டுக் கடகடவென்று ஓடுகிற கியூபா ஸ்பானியம். அரபு முகாமுக்குள் கரீபிய உச்சரிப்பு எப்படி வந்தது? இப்படிப் பேசுகிறவர்களுக்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது: குபராவி. கியூபாவையும் சஹ்ராவியையும் ஒட்டவைத்த பெயர்.

கதை 1975இல் தொடங்குகிறது. மொராக்கோவுக்குத் தெற்கே, அட்லாண்டிக் கரையோரம் இருக்கும் மேற்கு சஹாரா அப்போது ஸ்பெயினின் காலனி. 1974இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் அங்கிருந்த சஹ்ராவி மக்கள் சுமார் 74,000 பேர். நம்ம ஊர் நகராட்சி ஒன்றில் வசிப்பவர்களைவிடக் குறைவு. அந்த மண்ணில் பாஸ்பேட் இருந்தது, கடலில் மீன் இருந்தது, ஆனால் பட்டம் படித்த சஹ்ராவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1973இல் போலிசாரியோ என்ற விடுதலை இயக்கம் பிறந்தது. அதை நடத்தியவர்கள் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

1975 நவம்பரில் எல்லாம் ஒரே மாதத்தில் நடந்து முடிந்தது. 6ஆம் தேதி மொராக்கோ தன் மக்களை லட்சக்கணக்கில் எல்லை தாண்டி நடக்க வைத்தது. 14ஆம் தேதி ஸ்பெயின் மாட்ரிட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டு, காலனியின் நிர்வாகத்தை மொராக்கோவிடமும் மொரிட்டானியாவிடமும் கொடுக்கச் சம்மதித்தது. 20ஆம் தேதி சர்வாதிகாரி ஃப்ராங்கோ இறந்துபோனார். சஹ்ராவிகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர் வெடித்தது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் எல்லை தாண்டித் திந்தூஃபுக்கு ஓடினார்கள். 1976 பிப்ரவரி 27 அன்று போலிசாரியோ ஒரு குடியரசை அறிவித்தது. கொடி இருந்தது, அரசு இருந்தது, காலடியில் இருந்த நிலம் மட்டும் அல்ஜீரியாவுடையது. முகாம்களுக்கு, இழந்த ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள்: எல் அயூன், ஸ்மாரா, தாக்லா, அவுசெர்த்.

ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், முகாமைப் பெண்கள் கட்டி எழுப்பினார்கள். பிள்ளைகளை என்ன செய்வது? நாளை நாடு கிடைத்தால் அதற்கு டாக்டர், எஞ்சினியர், ஆசிரியர் எல்லாரும் வேண்டுமே. கூடாரத்துக்குள் பல்கலைக்கழகம் நடத்த முடியாது. எனவே பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். அல்ஜீரியா எடுத்துக்கொண்டது, லிபியா எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு தலைமுறையின் நாக்கையே மாற்றியது கியூபாதான்.

சரி, ஏன் கியூபா? அரசியல் காரணம் வெளிப்படை. ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்குத் தோள்கொடுப்பதை ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு தன் கொள்கையாகவே வைத்திருந்தது. இன்னொரு காரணம் மொழி. ஸ்பெயின் விட்டுப்போன மொழியைப் பேசுகிற சோஷலிச நாடு அன்றைக்கு அது ஒன்றுதான். மொராக்கோவிலும் மொரிட்டானியாவிலும் பிரெஞ்சுக் காலனியாட்சி பிரெஞ்சு மொழியை விட்டுப்போயிருந்தது. 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று சொல்ல சஹ்ராவிகளுக்கு இருந்த அடையாளங்களில் ஸ்பானிய மொழியும் ஒன்று. தங்களைக் கைவிட்ட எஜமானின் மொழியையே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டிய நிலைமை!

பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடம் இஸ்லா தெ லா ஹுவெந்துத், அதாவது இளைஞர் தீவு. கியூபாவுக்குத் தெற்கே இருக்கும் தீவு. 1978 வரை அதன் பெயர் பைன் மரத் தீவு. 1953 முதல் 1955 வரை காஸ்ட்ரோ சிறையிருந்ததும் இதே தீவில்தான். புரட்சிக்குப் பிறகு அங்கே வயல்களுக்கு நடுவே பள்ளிகளைக் கட்டினார்கள். அரைநாள் படிப்பு, அரைநாள் எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் வகைத் தோட்டங்களில் வேலை. அங்கோலா, மொசாம்பிக், நமீபியா, எத்தியோப்பியா என்று நாட்டுக்கு நாடு பள்ளிகள். சொந்த மொழியையும் வரலாற்றையும் சொல்லித்தர அந்தந்த நாட்டிலிருந்தே சில ஆசிரியர்கள். சாப்பாடு, துணி, புத்தகம், மருத்துவம் எல்லாம் கியூபா அரசின் செலவு. சின்னப் பிள்ளைகளை வேலை வாங்கினார்கள், சித்தாந்தம் ஊட்டினார்கள் என்ற விமர்சனமும் உண்டு. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது.

பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள். தண்ணீரே லாரியில் வந்து இறங்கும் முகாமிலிருந்து கிளம்பி, நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த தீவுக்கு வந்தார்கள். பள்ளி முடித்தவர்கள் ஹவானா, சாந்தியாகோ தெ கூபா போன்ற நகரங்களின் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். மருத்துவம், பொறியியல், கல்வியியல், இதழியல் என்று படித்தார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்புவது என்கிற பேச்சே பெரும்பாலானவர்களுக்கு இல்லை. விமானச் செலவை யார் கொடுப்பது? போனவர்கள் பத்து, பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பினார்கள். கடிதம் மாதக்கணக்கில் பயணம் செய்யும். போர்முனையில் அப்பா இறந்த சேதி மகனுக்கு வந்து சேருவதற்குள் அழுகைக்கான காலம் முடிந்திருக்கும்.

இன்றைக்கு வெளிநாட்டுப் படிப்பு என்றால் தினமும் வீடியோ கால், வருடத்துக்கு ஒரு முறை ஊர். அந்த மாணவர்களுக்கு வீடு என்பதே மெல்ல ஞாபகமாகிப் போனது. ஹஸ்ஸானியா அரபு மறக்காமல் இருக்கத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆனால் காதலித்ததும், சண்டை போட்டதும், பரீட்சை எழுதியதும் ஸ்பானியத்தில்.

80களின் இறுதியில் சோவியத் உதவி சரியத் தொடங்கி, 1991இல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. கியூபாவில் 'சிறப்புக் காலம்' என்று பெயர் வைக்கப்பட்ட பஞ்ச காலம் வந்தது. மின்வெட்டு, ரேஷன் சுருக்கம், பஸ் கிடையாது. கியூபர்களே பட்டினியில் இருந்தபோதும் படித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்களை அந்நாடு மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிடவில்லை. குபராவிகள் இன்றும் கியூபாவை ஒரு தாய்வீடுபோலப் பேசுவதற்கு இந்த வருடங்கள் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இருப்பதைப் பங்கிட்டுச் சாப்பிட்டவர்களை மறப்பது கடினம்.

அதே 1991இல் இன்னொன்றும் நடந்தது. ஐநா மேற்பார்வையில் போர்நிறுத்தம். விடுதலையா, மொராக்கோவுடன் இணைப்பா என்று மக்களிடம் கேட்டு வாக்கெடுப்பு நடத்துவோம் என்றார்கள். எந்த நாட்டுக்காகப் படித்தார்களோ அந்த நாடு இதோ வரப்போகிறது என்ற நம்பிக்கையோடு பட்டதாரிகள் திரும்பினார்கள்.

வந்து இறங்கியது முகாமில்தான். எஞ்சினியருக்குக் கட்டப் பாலம் இல்லை. டாக்டருக்கு நோயாளிகள் இருந்தார்கள், மருந்தும் சம்பளமும் இல்லை. கைச்செலவுக்குச் சிறு தொகை மட்டும். அம்மாவிடம் பேச வாய் திறந்தால் பாதி வார்த்தை ஸ்பானியம். பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். ஜீன்ஸும் சட்டையுமாகப் பல்கலைக்கழகம் போனவர்கள் இனி உடல் சுற்றும் மெல்ஹஃபா கட்ட வேண்டும். 'கியூபாக்காரி' என்பது சிலர் வாயில் வசவாகவே ஒலித்தது. கொடுமை என்னவென்றால், அந்த முகாமைக் கட்டி நிர்வகித்ததே அவர்களுடைய அம்மாக்கள்தான். படித்த மகள்களின் சுதந்திரத்தை ஏற்க அந்தச் சமூகத்துக்கே கொஞ்சம் காலம் பிடித்தது. பலர் விடாமல் நின்று செவிலியராக, ஆசிரியையாக, அதிகாரியாக வேலை செய்தார்கள்.

வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. யாருக்கு ஓட்டு என்ற பட்டியல் தகராறிலேயே வருடங்கள் ஓடின. காத்திருந்து சலித்தவர்களில் பலர் ஸ்பெயினுக்குப் போனார்கள். மொழி தெரியும், பட்டம் இருக்கிறது, ஆனால் காகிதம் இல்லை. தன்னை ஆண்ட நாட்டின் வாசலிலேயே நாடற்றவர் என்று விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது.

அங்கே ஒரு நல்ல விஷயமும் நடந்தது. 2005இல் மாட்ரிட்டில், ஸ்பானியத்தில் எழுதும் சஹ்ராவி எழுத்தாளர்கள் 'நட்பின் தலைமுறை' என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் கியூபாவில் படித்தவர்கள். சாந்தியாகோவில் இதழியல் படித்த கவிஞர் லிமாம் போய்ஷா அவர்களில் ஒருவர். ஒட்டகமும் தேநீரும் வாய்மொழிக் கவிதையும் கொண்ட நாடோடி உலகம் அவர்கள் வழியாக ஸ்பானிய இலக்கியத்துக்குள் நுழைந்தது.

2020 நவம்பரில் போர்நிறுத்தமும் முறிந்தது. இன்னொரு தலைமுறை முகாமிலேயே பிறந்து வளர்ந்துவிட்டது. குபராவிகளின் வாழ்க்கையைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மக்கள் கூட்டம், கையில் எதுவுமே இல்லாதபோது, பிள்ளைகளின் படிப்பின் மீது எல்லாவற்றையும் வைத்தது. படிப்பு தன் வேலையைச் செய்தது. வரவேண்டிய நாடுதான் வரவில்லை.

முகாமில் இப்போது சிமோன் பொலிவார் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. பாடம் நடத்துவது கியூபாவிலிருந்து வந்த ஆசிரியர்கள். முன்பு பிள்ளைகள் கடல் தாண்டிப் போனார்கள். இப்போது வாத்தியார்கள் வருகிறார்கள். ஓர் அம்மா தன் பத்து வயது மகனைப் பத்து வருடத்துக்கு வழியனுப்ப வேண்டியதில்லை. ஐம்பது வருடத்தில் அந்த மக்களுக்குக் கிடைத்த மாற்றங்களில் இது சின்னதுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு அது சின்னதில்லை.