பதினோரு பேரை ஆறாக்கிய ஆட்டம்

சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த விளையாட்டும் அதன் முழு உருவத்தோடு ஆடப்படுவது அபூர்வம். கடலைச்செடி பிடுங்கிய காடு, தண்ணீர் வற்றிய ஏரி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கும் புறம்போக்கு என்று கிடைத்த இடத்தில், வந்து சேர்ந்த ஆட்களை வைத்துத்தான் ஆட்டம். ஒற்றைப்படையில் ஆள் நின்றால் ஒருவன் இரண்டு பக்கத்துக்கும் பொது. பந்து அடுத்தவர் வீட்டுக்குள் விழுந்தால் அவுட். கால்பந்து என்றால் இரண்டு ஜோடிச் செருப்புகளே கோல்போஸ்ட், ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது. இதையெல்லாம் வசதி இல்லாதவர்களின் சமாளிப்பு என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதை விட்டாலும் ஆட்டம் நிற்கும், எதை விட்டால் விழுந்துவிடும் என்று கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை அது. அதே கணக்கை 1990ஐ ஒட்டி டோக்கியோவில் ஒரு வீடியோ கேம் நிறுவனமும் போட்டது. கால்பந்தை உள்ளங்கை அளவுக்குக் குறுக்கிய அந்த வரலாற்றைப் பார்த்தால், நம் காட்டுமேட்டு விதிகளுக்கு உரிய மதிப்பு தெரியவரும்.

அந்த நிறுவனத்தின் பெயர் டெக்னோஸ் ஜப்பான். 1986இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களுக்காக அது உருவாக்கிய குனியோ என்ற முரட்டுப் பள்ளி மாணவன் ஜப்பானில் பெரும் புகழ் பெற்றான். நிறுவனத் தலைவர் குனியோ டாக்கியின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். வடிவமைத்த யோஷிஹிசா கிஷிமோட்டோ மறு ஆண்டே 'டபுள் டிராகன்' என்ற சண்டை ஆட்டத்தையும் தந்தார். அதே 1987இல் குனியோ, பந்தை எறிந்து எதிராளியை அடிக்கும் டாட்ஜ்பால் ஆடினான். 1990இல் வீட்டு டிவியில் பொருத்தும் ஃபாமிகாம் கருவியில் கால்பந்துக்கு வந்தான். வந்ததற்கான காரணமே நம் ஊர்க் காரணம்தான்: பள்ளியின் கால்பந்து அணியில் ஆள் இல்லாமல் போகிறது, டாட்ஜ்பால் அணி அந்த இடத்தில் இறங்குகிறது. பக்கத்துக்கு ஆறு பேர். ஃபவுல் கிடையாது. எதிராளியை இடித்துத் தள்ளலாம். திரும்பத் திரும்ப அடிபட்டவன் எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பான். நாம் ஓட்டுவது ஒரே ஒருவனை. பந்தைக் கொடு, கோலுக்கு அடி என்று மற்றவர்களுக்குக் கட்டளை மட்டும் போடலாம். தரை புல்லாக இருக்கும், மணலாக இருக்கும், சில சமயம் பனிக்கட்டியாகவும் இருக்கும். தலைகீழாகப் புரண்டு உதைத்தால் பந்து கோல்கீப்பரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகக்கூடும். அமெரிக்காவில் இதற்கு 'நிண்டெண்டோ வேர்ல்ட் கப்' என்று பெயர் மாற்றி, பள்ளி அணிகளை நாட்டு அணிகளாக்கி விற்றார்கள். 1991இல் இது கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கும் வந்தது.

கேம் பாய் 1989இல் வெளியானது. திரையில் அகலவாக்கில் 160 புள்ளி, உயரவாக்கில் 144. நிறம் கிடையாது, சாம்பல் பாய்ந்த பச்சையில் 4 சாயல் மட்டும். ஃபாமிகாமின் 256க்கு 240 என்ற திரையோடு ஒப்பிட்டால் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதைவிட இறுக்கமான கட்டு ஒன்றும் உண்டு. திரையில் நகரும் ஒவ்வொரு உருவமும் ஸ்பிரைட் எனப்படும் சிறு சதுரங்களைச் சேர்த்து உண்டாக்கப்படுவது. கேம் பாய் மொத்தம் 40 ஸ்பிரைட்டுகளைக் காட்டும், ஒரே கிடைக்கோட்டில் 10ஐத் தாண்டாது. ஃபாமிகாமில் மொத்தம் 64, கோட்டுக்கு 8. ஓர் ஆட்டக்காரன் இரண்டு ஸ்பிரைட் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரே வரிசையில் ஐந்து பேருக்கு மேல் நின்றாலே கேம் பாயில் ஒருவன் காணாமல் போவான். பக்கத்துக்குப் பதினோரு பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். சிப்பு இடம் தரவில்லை, ஆட்களைக் குறைத்தார்கள். இதில் வடிவமைப்பு எங்கே வந்தது? நியாயமான கேள்வி. ஆனால் சிப்பு சொன்னது 'ஏதோ ஒன்றை விடு' என்பதை மட்டுமே. எதை விடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். சான்று அதே ஃபாமிகாமில் இருக்கிறது. 1985இல், அந்தக் கருவியைச் செய்த நிண்டெண்டோவே 'சாக்கர்' என்றொரு ஆட்டத்தை வெளியிட்டது. அதிலும் ஆட்கள் குறைவுதான். ஆனால் ஆட்டத்தின் குணம் மாறவில்லை, பெரிய மைதானத்து நாகரிகத்தைச் சின்ன அறைக்குள் அப்படியே நடத்தப் பார்த்தது. 1988இல் டெக்மோ நிறுவனம் 'கேப்டன் சுபாசா' என்ற படக்கதையை ஆட்டமாக்கியபோது நேர் எதிரான வழியில் போனது. பதினோரு பேரையும் வைத்துக்கொண்டு, ஓட்டத்தை விட்டுவிட்டது. பந்து கிடைத்ததும் ஆட்டம் நிற்கும். பாஸா, டிரிபிளா, ஷாட்டா என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே இயந்திரம், ஒரே பற்றாக்குறை, மூன்று விடைகள். இதற்கும் முன்னால், 1977இல், அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் அந்நாட்டுக் கால்பந்தையே சில சிவப்பு விளக்குக் கோடுகளாகச் சுருக்கிக் கையில் கொடுத்திருந்தது. அங்கே மிஞ்சியது ஆளைத் தப்பி ஓடுவது ஒன்றுதான், அதுவும் விற்றது. டெக்னோஸ் மிச்சம் வைத்தது மோதலையும் நேரம் பார்த்து உதைப்பதையும். என் கணிப்பில் அதுதான் சரியான தேர்வு. தெருக்கால்பந்தில் கடைசிவரை நிற்பவையும் இந்த இரண்டுதான்.

கேம் பாய் நம்மூருக்கு எப்போது வந்தது, சேலத்துப் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அது வரவே இல்லை என்பதுதான் உண்மை. 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவின் மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் கருவியை இந்தியாவில் விற்க இறங்கியபோது, இறக்குமதி வரி 80 சதவீதம். ஒரு கருவியின் விலை ₹18,000. தறிக்குழியில் உட்கார்ந்தவருக்கும் லாரிப் பட்டறையில் நின்றவருக்கும் அது எட்டாத தொகை. அந்த இடைவெளியில் நுழைந்தவை ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள். லிட்டில் மாஸ்டர், மீடியா என்ற பெயர்களில் வந்த அந்த டிவி கேம் பெட்டிகளோடு, பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த கேசட்டுகளும் வந்தன. குனியோவின் 1993ஆம் ஆண்டுக் கால்பந்து ஆட்டம் உலகெங்கும் சுற்றியது அப்படித்தான். 'கோல் 3' என்று யாரோ ஒட்டிய பெயரில் டெக்னோஸின் பெயர் காணாமலே போனது. 1996இல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

கையடக்கம் என்று நம்மூர்த் திருவிழாக் கடைகளில் தொங்கியது பிரிக் கேம். அகலத்துக்கு 10, உயரத்துக்கு 20 கட்டம் கொண்ட திரை, பெட்டி மேல் 9999 ஆட்டம் என்ற பொய். அந்தக் கட்டங்களுக்குள் கால்பந்து நுழைய வழியில்லை. உள்ளங்கைக் கால்பந்து இங்கே உண்மையில் பரவியது செல்போன் வழியாக. பிரான்ஸின் கேம்லாஃப்ட் நிறுவனம் 2004இல் தொடங்கிய 'ரியல் ஃபுட்பால்' வரிசை, ஜாவா ஓடும் சாதாரண போன்களுக்காகச் செய்யப்பட்டது. 2, 4, 6, 8 எண்களில் ஓட்டம், 5இல் உதை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபின், ஆட்டம் ஓடும் கருவியே தமிழ்நாட்டில் தயாரானது. 2014 நவம்பரில் ஆலை மூடும்வரை இது நீடித்தது. மெமரி கார்டில் பாட்டோடு சேர்த்து கேமும் ஏற்றித் தந்த மொபைல் கடைதான் அப்போது இந்த ஆட்டத்தின் விநியோகஸ்தர். கருவி மாறினாலும் கேள்வி பழையதே: ஒற்றைக் கட்டைவிரலுக்கு எத்தனை கால்பந்து கொடுக்கலாம்?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வெட்டிக் குறைத்த ஆட்டத்தில் பழகியவனுக்கு முழு ஆட்டம் வராது என்பார்கள். இதற்குப் பதில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலேயே இருக்கிறது. டி. நடராஜன் இருபது வயதுவரை ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட். குறைந்த ஓவர், தையல் இல்லாத பந்து, ஒவ்வொரு பந்தையும் தூக்கி அடிக்க நிற்கும் மட்டையாளர். அந்தச் சூழலில் பந்து வீசுபவனுக்குத் தப்பிக்க இருக்கும் ஒரே வழி காலடியில் குத்தும் யார்க்கர். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக இறங்கியவரின் ஆயுதம் அதே யார்க்கர்தான். ஆட்டத்தைக் குறுக்கியபோது மற்ற திறமைகள் உதிர்ந்து, ஒரு திறமை கூர்மையானது.

ஆனால் இந்த உதாரணத்தை வீடியோ கேமுக்கு நேராக நீட்ட முடியாது, நீட்டவும் கூடாது. நடராஜனின் தோள் உழைத்தது. கேம் ஆடுபவனின் விரல்தான் உழைக்கிறது. இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியமானது. ஏரிக்குள் ஆடும் பிள்ளைகள் விதியைச் சண்டை போட்டு மாற்றுவார்கள். நேற்று அவுட்டாக இருந்தது இன்று நாட்-அவுட். கேசட்டுக்குள் இருக்கும் விதியோ ஒருமுறை எழுதியது, முறையீட்டுக்கு வழியில்லை. டெக்னோஸின் ஆட்கள் ஆடுபவர்களின் சார்பில் அந்தச் சண்டையைப் போட்டு முடித்துவிட்டார்கள். ஆகவே இரண்டும் ஒரே கைவேலை என்றாலும், ஒன்றில் வேலை செய்பவனே ஆடுகிறான், மற்றதில் அவன் கண்காணாத தூரத்தில் இருக்கிறான்.

தெருவின் விதியைத் திரும்பத் தெருவிடமே விற்கலாம் என்று பெரிய நிறுவனங்கள் கண்டுகொண்டது பிறகு. ஈ.ஏ. நிறுவனத்தின் 'ஃபிஃபா ஸ்ட்ரீட்' 2005இல் ஆட்களை நான்காக்கியது. 2006இல் வந்த இரண்டாம் பாகம் சோனியின் பி.எஸ்.பி. கையடக்கக் கருவியிலும் ஓடியது. 2009இல் ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் 'தேசி அட்டா' என்ற பெயரில் கில்லியையும் கபடியையும் பட்டத்தையும் சோனி கருவிகளுக்குக் கொண்டுவந்தது. கபடியைப் பார்த்தால் திரைக்கென்றே பிறந்தது போலத் தோன்றும்: பக்கத்துக்கு ஏழு பேர், 13க்கு 10 மீட்டர் களம், ஒரு நேரத்தில் பாடிப் போவது ஒருவன் மட்டும். வெட்ட வேண்டியது அதிகமில்லை. ஆனால் அந்தப் பாட்டை என்ன செய்வது? மூச்சு இருக்கும்வரை ஆட்டம் என்பது சடுகுடுவின் அடிப்படை. மைதானக் கபடியே அதற்கு 30 விநாடிக் கடிகாரத்தை வைத்து மூச்சின் வேலையில் பாதியைப் பிடுங்கிவிட்டது. பொத்தானை அழுத்தும் கட்டைவிரலுக்கு மூச்சு முட்டுவதில்லை. மிச்சப் பாதியை எந்த விதியால் ஈடுகட்டுவது என்பது கபடியைத் திரைக்குக் கொண்டுவரும் ஒவ்வொருவர் முன்னாலும் நிற்கும் வேலை.