குடமும் பொறியும்: நீரால் வெப்பந் தணித்த வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு நீரால் வெப்பந் தணித்தல் புதியதன்று. கச்சான் காற்று வீசுங் காலத்தே மண்குடத்தின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கின்றது.

இயந்திர உலகம் கண்ட நெறி வேறு. 1980 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்த 3081 கணனியில், சில்லுகளின் வெப்பத்தைக் குழாய்வழி ஓடிய குளிர்நீர் கவர்ந்து சென்றது. 2005 இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுப் பொறிகள் பெருந்தொகையாகப் பழுதுறவே, 2007 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டியது. சூட்டுக்கு அஞ்சிய ஆர்வலர் சிலர் செம்புக்கட்டி, நீர்ப்பம்பி, றேடியேற்றர், விசிறி ஆகியவற்றைப் பூட்டித் தாமே நீர்ச்சுற்று அமைத்தனர்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. குடத்துநீர் ஆவியாதலாற் சுற்றியுள்ள காற்றினும் குளிரும்; மூடிய நீர்ச்சுற்றோ வெப்பத்தை இடம்பெயர்க்குமேயன்றி அறைக்காற்றினும் குளிராது. வெம்மை மிக்க எம் மண்ணில் இவ்வரம்பு சிறிதன்று. வாவியின் உவர்நீரும் இதற்கு உதவாது. அஃது உலோகத்தை அரிக்கும். காய்ச்சி வடித்த நீரே தகும்.

நீர் சூழ வாழ்தல் மட்டும் போதாது. நீரின் இயல்பறிதல் வேண்டும். குடம் வனைந்தோர் அதனை அறிந்திருந்தனர். பொறி அமைக்க முனையும் எம் இளைஞரும் அவர்வழி நின்று கற்பாராக.