பொருளாதாரச் செய்தி ஆங்கிலமும் ஒப்பீட்டுத் தொடர்களும்

ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்கான வணிகச் சொற்பாடநூல்கள் பெரும்பாலும் ஏற்றத்தைக் குறிக்கும் 'ரைஸ்', 'சர்ஜ்', 'சோர்' முதலிய வினைகளை ஒரு நிரலிலும், இறக்கத்தைக் குறிக்கும் 'ஈஸ்', 'ஸ்லம்ப்', 'பிளஞ்ச்' முதலியவற்றை மற்றொரு நிரலிலும் வைத்து, வேகத்துக்கேற்ப வரிசைப்படுத்தித் தருகின்றன. இம்முறையில் பயின்றவர் செய்தியின் தொனியைப் பிடித்துக்கொள்வாரே தவிர, செய்தி உரைப்பதைப் பிடித்துக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை. பொருளாதாரச் செய்தியில் பொருளைத் தாங்கி நிற்பவை எதனோடு ஒப்பிட்டு, எக்காலத்துக்கு, யாருடைய வரையறைப்படி என்பவற்றைச் சுட்டும் சிறு தொடர்களே. கற்பித்தலின் மையத்தில் அவற்றையே வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தக்க சான்று 2020ஆம் ஆண்டின் ஏப்ரல்–ஜூன் காலாண்டு. கொரோனா ஊரடங்கால் உலகப் பொருளாதாரமே முடங்கிக் கிடந்த அம்மூன்று மாதங்களில் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முதல் மதிப்பீடுகளின்படி, அமெரிக்காவில் 32.9 சதவீதமும், பிரிட்டனில் 20.4 சதவீதமும், இந்தியாவில் 23.9 சதவீதமும் சுருங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அமெரிக்காவே பெருஞ்சரிவுக்கு உள்ளானதாகத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. அமெரிக்க எண்ணை ஒட்டி வந்த 'அட் ஆன் ஆனுவல் ரேட்' என்னும் தொடர், அக்காலாண்டின் வேகமே நான்கு காலாண்டுகளுக்கு நீடித்தால் ஓராண்டில் எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுப் பெற்ற எண் அது என்பதைக் குறிக்கிறது. முந்தைய காலாண்டோடு நேராக ஒப்பிட்டால் அமெரிக்காவின் வீழ்ச்சி ஏறத்தாழ 9.5 சதவீதமே. பிரிட்டனின் எண் 'குவார்ட்டர் ஆன் குவார்ட்டர்', அதாவது முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டது. இந்தியாவின் எண்ணோ 'இயர் ஆன் இயர்', அதாவது 2019ஆம் ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டது. அறுவடை, மழை, பண்டிகை ஆகியவற்றால் காலாண்டுக்குக் காலாண்டு இயல்பாகவே நேரும் ஏற்ற இறக்கம் நீக்கப்படாத புள்ளிவிவரத்தில், சென்ற ஆண்டின் அதே பருவத்தோடு ஒப்பிடுவதே பொருந்தும் என்பதால் இந்திய வழக்கம் அவ்வாறு அமைந்தது. மூன்று நாடுகளையும் இந்த ஆண்டு ஒப்பீட்டில் நிறுத்திப் பார்த்தால் இந்தியா 23.9, பிரிட்டன் 21.7, அமெரிக்கா 9.5 என்று வரிசையே மாறிவிடுகிறது. 'பிளஞ்ச்' என்ற வினையின் அழுத்தத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தாலும் இம்மாற்றம் வாசகருக்குப் புலப்படாது. இரண்டு மூன்று சொற்களாலான, தலைப்பில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு தொடரே அதைப் புலப்படுத்துகிறது.

வட்டிவிகிதச் செய்திகளிலும் இதே இடர் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2022 மே 4 அன்று ரெப்போ விகிதத்தை, அதாவது வணிக வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தியது. இவ்வுயர்வு 40 'பேசிஸ் பாயிண்ட்'. ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கே ஒரு பேசிஸ் பாயிண்ட். இதனை 0.40 சதவீத உயர்வு என்று எழுதுவது பிழையாகும். பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் அது 10 சதவீத உயர்வு. பணவீக்கச் செய்தியில் குழப்பம் இன்னும் ஆழமானது. அமெரிக்க நுகர்வோர் விலை உயர்வு விகிதம் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்து 2023 ஜூனில் 3 சதவீதமாக இறங்கியபோது, 'இன்ஃபிளேஷன் ஃபால்ஸ்' என்ற தலைப்பைக் கண்டு விலைகள் குறைந்துவிட்டதாகக் கொள்ளும் வாசகர், இறங்கியது விலையேற்றத்தின் வேகம் மட்டுமே என்பதையும், உயர்ந்த விலைக்கு மேலும் 3 சதவீதம் கூடியிருந்தது என்பதையும் தவறவிடுகிறார்.

'யாருடைய வரையறைப்படி' என்னும் வினா 'ரிசெஷன்' என்னும் சொல்லில் கூர்மை பெறுகிறது. தொடர்ந்து இரு காலாண்டுகள் உற்பத்தி சுருங்கினால் அது ரிசெஷன் என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பிரிட்டிஷ் இதழியல் வழக்கிற்கு இது பொருந்தும். அமெரிக்காவில் அதனைத் தீர்மானிப்பது தேசியப் பொருளாதார ஆய்வு மையம் என்னும் தனியார் அமைப்பின் குழு. வேலைவாய்ப்பு, வருமானம், தொழில் உற்பத்தி முதலியவற்றையும் சேர்த்து நோக்கும் அக்குழு, 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீடித்த இரண்டே மாதச் சரிவை ரிசெஷன் என அறிவித்தது; 2022ஆம் ஆண்டின் முதல் இரு காலாண்டுகளிலும் உற்பத்தி சுருங்கியதாக அப்போதைய மதிப்பீடுகள் காட்டியும் அக்காலத்தை அவ்வாறு அறிவிக்கவில்லை. அவ்வாண்டின் ஜூலை மாதத்தில் இச்சொல்லைச் சுற்றி எழுந்த அரசியல் பூசலை, ஒற்றை வரி வரையறையை மனப்பாடம் செய்தவர் விளங்கிக்கொள்ள வழியில்லை.

சில சொற்களோ நிகழ்ச்சியோடு சேர்த்தன்றிக் கற்கவே இயலாதவை. படிப்படியாகக் குறுகுதல் என்று அகராதி பொருள் கூறும் 'டேப்பர்', 2013 மே 22க்குப் பிறகு வேறு கனம் பெற்றது. அன்று அமெரிக்க மைய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, மாதந்தோறும் 8,500 கோடி டாலருக்குக் கடன்பத்திரங்களை வாங்கிவந்த திட்டத்தை அடுத்த சில கூட்டங்களில் சுருக்கக்கூடும் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் குறிப்பிட்டார். வாங்குதல் குறையும் என்ற எதிர்பார்ப்பே வளரும் நாடுகளிலிருந்து மூலதனம் வெளியேறப் போதுமானதாயிற்று. ஆகஸ்ட் இறுதியில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 68ஐத் தாண்டிச் சரிந்தது. சுருக்கம் உண்மையில் தொடங்கியதோ 2014 ஜனவரியில்தான். மைய வங்கியின் ஒரு சொல், அது குறிக்கும் செயலுக்கு முன்பே சந்தையில் செயலாகிவிடுவதை இந்நிகழ்ச்சி இன்றிக் கற்பிப்பது கடினம்.

தொடக்கநிலை மாணவருக்கு இவ்வளவும் சுமையாகும், சொற்பட்டியலே அவருக்கு ஏற்றது என்ற மறுப்பு எழக்கூடும். வாக்கியத்தைப் படித்துச் செல்ல வினைகளும் தேவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் 'இயர் ஆன் இயர்' என்பது 'ஸ்கைராக்கெட்' என்பதைவிட எளிய தொடர். நாள்தோறும் செய்தியில் வருவது. கூட்டல் கழித்தல் அறிந்தவருக்கு அரைமணியில் விளங்குவது. கடினமானதை ஒத்திவைப்பதாக எண்ணிப் பாடத்திட்டங்கள் எளியதும் இன்றியமையாததுமான பகுதியையே ஒத்திவைக்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் புள்ளிவிவர அலுவலகங்களும் தம் காலாண்டு அறிக்கைகளை ஆங்கிலத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. பொருளாதார ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அவ்வறிக்கையின் முதல் பக்கத்தையும் மறுநாள் வந்த செய்தியையும் அருகருகே வைத்து, ஒப்பீட்டுத் தொடர் எங்கே நிற்கிறது, எங்கே விடுபட்டது என்று மாணவரைத் தேடச் செய்வதைப் பாடத்தின் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.