மாத்திரைத் தாளில் ஒரு பெயர்: மெட்ரோனிடசோலுக்கு ஓர் உரை

மூலம்: 2-மெத்தில்-5-நைட்ரோஇமிடசோல்-1-எத்தனால்

சீதபேதி வந்துபோன வீடுகளில் இந்த மாத்திரை அட்டை ஒன்றாவது மிச்சம் கிடக்கும். அட்டையின் மேல் இருப்பது மெட்ரோனிடசோல் என்ற அழைக்கும் பெயர். மேலே மூலமாகக் காட்டியிருப்பது வேதியியல் இட்ட முழுப்பெயர். பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்த தாளில், யாரும் படிக்காத சிற்றெழுத்தில் அது இருக்கும். மருந்தியல் படித்த நாளில் நானும் அதை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பொருள் உடலுக்குள் போனபின் அதற்கு நேர்வதும், அதனால் பிற உயிருக்கு நேர்வதும் இந்தப் பெயரிலேயே இடம் குறித்து எழுதப்பட்டிருக்கின்றன. பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரிந்தால் மருந்தின் கதை முழுவதும் வந்துவிடும். அதற்காகவே இந்த உரை.

இதை நின்ற வரிசையிலேயே படித்தால் பொருள் வராது, கொண்டுகூட்ட வேண்டும். நடுவில் நிற்கும் ‘இமிடசோல்’தான் பெயர்ச்சொல். மற்றவை அதன்மேல் ஏறிய அடைகள். எண்கள் ஏழாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கின்றன: இரண்டாம் இடத்தின்கண் மெத்தில், ஐந்தாம் இடத்தின்கண் நைட்ரோ, ஒன்றாம் இடத்தின்கண் எத்தனால். ஆகவே இமிடசோலிலிருந்து தொடங்குவோம்.

‘இமிடசோல்’

இமிடசோல் என்றது ஐந்து அணுக்கள் கைகோத்த வளையத்தை. மூன்று கார்பன், இரண்டு நைட்ரஜன். நைட்ரஜன்கள் 1, 3 என்ற இடங்களில் உட்கார்ந்திருக்கும். இது நமக்கு அந்நியமான வடிவம் அல்ல. நம் புரதங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இதே வளையத்தைத் தாங்கி நிற்கிறது.

இந்த வளையத்தில் நைட்ரோ ஏறிய சேர்மத்தை முதலில் செய்தது மனிதர் அல்லர், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற ஒரு பாக்டீரியா. ஜப்பானில் 1953-இல் அதிலிருந்து அசோமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது 2-நைட்ரோ இமிடசோல். அந்த வழியில் பிரான்சின் ரோன்-பூலங் நிறுவன ஆய்வாளர்கள் ஏராளமான சேர்மங்களைச் செய்து பார்த்தார்கள். அவற்றுள் ஒன்று ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைக் கொல்வதை கோசாரும் ஜூலுவும் 1959-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அது ஃப்ளாஜில் என்ற பெயரில் கடைக்கு வந்தது. மண்ணின் சேர்மத்தில் நைட்ரோ இரண்டாம் இடத்தில் இருந்தது. மருந்தில் அது ஐந்தாம் இடத்துக்கு மாறியிருந்தது.

‘5-நைட்ரோ’

மருந்தின் உயிர்நிலை இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று போக வேண்டும்.

நைட்ரோ என்றது ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதியை. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. ஒரு எலக்ட்ரான் ஏறியவுடன் அமைதியான இந்த மூலக்கூறு நிலையற்ற தனி உறுப்பாகிறது. தொடர்ந்து ஒடுக்கமடையும்போது பிறக்கும் குறுகிய ஆயுள் கொண்ட துணுக்குகள் அருகில் இருக்கும் டிஎன்ஏ இழையைத் தாக்கி அறுக்கின்றன. ஆக, நாம் விழுங்குவது நஞ்சு அன்று. நஞ்சு ஆகக்கூடிய ஒன்று. எலக்ட்ரானைக் கொடுத்து அதை நஞ்சாக்குபவன் எவனோ அவனே சாகிறான்.

கொடுப்பவன் யார்? ‘5’ என்ற எண் அங்கேதான் பேசுகிறது. மூன்றாம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டுமானால் வலுவான மோட்டார் வேண்டும். அதுபோல இந்த நைட்ரோவில் எலக்ட்ரானை ஏற்றுவதற்கு எவ்வளவு உந்துதல் தேவை என்பதை மில்லிவோல்ட்டில் அளக்கலாம். மெட்ரோனிடசோலுக்கு அது சுமார் -486. அசோமைசின் போல நைட்ரோ இரண்டாம் இடத்தில் இருக்கும் சேர்மங்களுக்கு -390 அளவே போதும். அந்தத் தொட்டி தாழ்வானது. நம் செல்களில் எலக்ட்ரானைச் சுமந்து திரியும் வழக்கமான மூலக்கூறுகளின் உந்துதல் -320 அளவில் நின்றுவிடுகிறது. நம் மோட்டாருக்கு மூன்றாம் மாடி எட்டாது. தப்பித்தவறி ஒரு எலக்ட்ரான் ஏறினாலும், சுற்றிலும் இருக்கும் ஆக்சிஜன் அதைப் பறித்துக்கொள்ள, மருந்து தன் பழைய உருவுக்கே திரும்பிவிடும்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பிழைக்கக் கற்ற உயிர்களின் நிலை வேறு. சீதபேதி தரும் எண்டமீபா, வயிற்றைப் பொருமவைக்கும் ஜியார்டியா, ட்ரைக்கோமோனாஸ், குடலிலும் சீழ்க்கட்டியிலும் வாழும் பாக்டீராய்டிஸ் ஆகியவை பைருவேட்டை உடைத்துப் பெறும் எலக்ட்ரானை ஃபெரிடாக்சின் போன்ற இரும்பு-கந்தகப் புரதங்களின்மேல் ஏற்றிவிடுகின்றன. அந்தப் புரதங்களின் உந்துதல் மிக வலுவானது. காற்றில்லாத வாழ்க்கைக்கு அவை தேடிவைத்த வலிமை அது. அந்த வலிமையே மருந்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே புகுந்த மருந்து உருமாற உருமாற அதன் செறிவு அங்கே குறைகிறது. குறைந்த இடத்துக்கு வெளியிலிருந்து மேலும் மருந்து பாய்கிறது. எதிரி தன் வாயாலேயே இழுத்துக் குடிக்கிறான்.

இந்த விளக்கம் தெரிவதற்கு முன்பே அனுபவம் வழிகாட்டியது. 1962-இல் பிரிட்டனில் ஷின் என்பவர் ஒரு செய்தியைப் பதிவுசெய்தார். ட்ரைக்கோமோனாஸுக்காக இந்த மருந்தை உட்கொண்ட பெண்ணுக்கு, ஈறில் இருந்த புண்ணும் ஆறிவிட்டது. ஈறின் இடுக்கில் காற்றுப் புகாமல் வாழும் பாக்டீரியாவும் இதற்கு இரை என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. ஒட்டுண்ணிக்கு என்று வந்த மருந்து நுண்ணுயிர்க்கொல்லியாகவும் ஆனது. 1966-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பவல் குழுவினர் அமீபா சீதபேதிக்கும் கல்லீரல் சீழ்க்கட்டிக்கும் இதைக் கொடுத்து வெற்றி கண்டார்கள். அதுவரை அந்த நோயாளிகளுக்குப் போட்டது எமெட்டின் ஊசி. அது அமீபாவைக் கொல்லும், இதயத்தையும் வருத்தும். அந்த ஊசியை ஒரு மாத்திரை ஓரங்கட்டியதை நான் சிறிய செய்தியாக நினைப்பதில்லை. 1977-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே இதற்கு இடம் இருந்தது.

நைட்ரோவின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. நீண்ட காலம் கொடுத்தபோது எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இதனால் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் மருந்துத் தாளின் தலைப்பிலேயே கட்டம் கட்டி அந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். தேவையில்லாமல் விழுங்காதே என்பது அதன் பொருள். வயிறு இளகிய ஒவ்வொரு முறையும், காரணம் வைரஸா கெட்டுப்போன சாப்பாடா என்று கேளாமல், கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டம் என் கண்முன் வருகிறது.

‘2-மெத்தில்’

மெத்தில் என்றது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு தொகுதியை. கிருமி நைட்ரோவைப் பிடிக்கிறது. நம் கல்லீரலோ மெத்திலைப் பிடிக்கிறது. ஒரே மூலக்கூறில் இருவரும் தொடும் இடங்கள் வேறு. கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகள், முதன்மையாக 2ஏ6 என்ற எண்ணுடையது, மெத்திலில் ஓர் ஆக்சிஜனைச் செருகி ஹைட்ராக்சிமெத்தில் ஆக்குகின்றன. பெரும்பாலான மருந்துகளில் கல்லீரல் கைவைத்தால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. கை வைத்தது மெத்திலில்தான். நைட்ரோ அப்படியே இருக்கிறது. அதனால் இந்த மாறுருவுக்கும் கொல்லும் திறன் உண்டு. மூல மருந்தின் திறனில் 30 முதல் 65 விழுக்காடு வரை என்று அளந்திருக்கிறார்கள். தாய் மருந்தைவிட அதிக நேரம் இது உடலில் தங்கவும் செய்கிறது.

‘1-எத்தனால்’

இங்கே பலரும் திடுக்கிடுவார்கள். எத்தனால் என்றால் சாராயம் அல்லவா? இங்கே எத்தனால் என்றது, வளையத்தின் முதல் நைட்ரஜனில் இரண்டு கார்பன் நீளத்துக்குத் தொங்கி, நுனியில் ஹைட்ராக்சில் தாங்கிய ஒரு வாலை. அது பிரிந்து சாராயமாவது இல்லை. ஆனால் அந்த நுனிதான் உடலுக்குப் பிடிமானம். கல்லீரல் அதை ஆக்சிஜனேற்றம் செய்து அசிட்டிக் அமில வாலாக மாற்றுகிறது. அந்த மாறுருவுக்குத் திறன் அநேகமாக இல்லை. அல்லது குளுக்குரோனிக் அமிலத்தை அதில் கட்டிச் சிறுநீரில் அனுப்பிவைக்கிறது.

மருந்து செய்வோருக்கும் அதே நுனிதான் கைகொடுத்தது. இந்த மாத்திரையின் கசப்பு எளிதில் போகாது. எனக்கு எட்டு வயதில் வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தும் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. அந்த ஹைட்ராக்சிலில் பென்சோயிக் அமிலத்தைக் கோத்தால் நீரில் எளிதில் கரையாத, அதனால் நாக்கில் பெரிதாகக் கசக்காத பென்சோயேட் கிடைக்கும். குழந்தைகளுக்கான திரவ மருந்தில் இருப்பது அதுதான். உடலுக்குள் கோப்பு அவிழ்ந்து மருந்து விடுபடும். கட்டியதன் எடையும் சேர்வதால் 200 மில்லிகிராம் மருந்துக்குச் சுமார் 320 மில்லிகிராம் பென்சோயேட் வைக்க வேண்டும்.

சாராயத்தைப் பற்றிய எச்சரிக்கை தனிக்கதை. மருந்து எடுக்கும் நாளிலும், முடித்து மூன்று நாள் வரையிலும் குடிக்கக் கூடாது என்று தாள் சொல்கிறது. முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு நேர்ந்ததாக வந்த பதிவுகளே அதற்கு அடிப்படை. பின்லாந்தில் 2002-இல் நலமான ஆண்களிடம் நடத்திய சிறிய ஆய்வில், எதிர்பார்த்தபடி இரத்தத்தில் அசிட்டால்டிஹைடு உயரவில்லை. ஆனாலும் தாளின் சொல்லை மீறும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெயரில் சொல்லாதவை

இளமஞ்சள் படிகத் தூள். ஒளி பட்டால் கருக்கும். மூலக்கூறு எடை 171 மட்டுமே. இரத்தப் புரதங்களோடு 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஒட்டுவதால் கல்லீரல், எச்சில், மூளைத் தண்டுவட நீர், தாய்ப்பால் என எங்கும் பரவும். அரை ஆயுள் ஏறத்தாழ 8 மணி நேரம். வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை என்று எழுதுவது அதனால்தான். கல்லீரல் மிகவும் நலிந்தவருக்கு அது நீளும், அளவைக் குறைக்க வேண்டும். வாயில் உலோகச் சுவை வரும். சிறுநீர் செம்பழுப்பாகலாம், அது இரத்தம் அன்று, மருந்தின் மாறுருக்களே காரணம். வாரக்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர்களுக்குக் கை, கால் நரம்புகள் மரத்துப்போவதுண்டு.

வாயால் கொடுத்த மருந்து அநேகமாக முழுவதும் மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். திசுவுக்குள் புகுந்த அமீபாவைக் கொல்ல அதுதான் வேண்டும். ஆனால் பெருங்குடலின் உட்புறத்தில் கூட்டுக்குள் காத்திருக்கும் அமீபாவுக்குப் போதிய மருந்து போய்ச் சேராது. அதனால்தான் கல்லீரல் கட்டி ஆறியபின்னும் மருத்துவர் டைலாக்சனைடு போன்ற இன்னொரு மாத்திரை எழுதுகிறார். குணமாகிவிட்டதே என்று அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறவர்களுக்கு இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வளையத்தை உடைப்பது மட்டும் நம்மால் ஆவதில்லை. மெத்திலையும் வாலையும் திருத்தும் கல்லீரல், இமிடசோலை அப்படியே விட்டுவிடுகிறது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் நைட்ரோவை ஒடுக்கி வளையத்தைத் துண்டாக்கி, அசிட்டமைடு முதலிய துணுக்குகளைத் தருகின்றன. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது அந்தத் துணுக்குகள் சிறுநீரில் வரவில்லை.

பாட பேதம்

மூலத்தில் ஒரு சொல் மாறிய பாடமும் உண்டு. சில பாக்டீராய்டிஸ் வகைகள் நிம் என்ற மரபணுவைத் தாங்குகின்றன. அது ஆக்கும் நொதி, நைட்ரோவில் எலக்ட்ரானை ஒவ்வொன்றாக ஏற்றி ஆபத்தான இடைநிலையில் விடாமல், ஒரேயடியாக அமினோ நிலைவரை ஒடுக்கிவிடுகிறது. மெத்தில் இரண்டாம் இடத்திலேயே இருக்கிறது; வளையம் உடையவில்லை; எத்தனால் வால் முதலாம் இடத்தில் தொங்குகிறது. ஐந்தாம் இடத்தில் மட்டும் நைட்ரோ என்ற சொல்லை அடித்து அமினோ என்று எழுதியிருக்கிறது அந்தப் பாக்டீரியா: 2-மெத்தில்-5-அமினோஇமிடசோல்-1-எத்தனால். இந்தப் பாடத்தைக் கையில் வைத்திருக்கும் கிருமியிடம் நம் மாத்திரை செல்லாமல் போகலாம்.