பொகாஷி

'பொகாசு' என்ற ஜப்பானிய வினைக்கு, விளிம்பு தெரியாமல் மங்கச் செய்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் பொகாஷி. மரக்கட்டை அச்சுக் கலையில், ஒரே நிறத்தை அடர்த்தியிலிருந்து வெளிறும்வரை கரைத்துக்கொண்டு போவதை இது குறிக்கும்.

இந்த மங்கலைப் பெரும்பாலும் கட்டையில் செதுக்குவதில்லை. அச்சிடுபவர் கட்டையை ஈரத்துணியால் துடைத்து, ஓர் ஓரத்தில் மட்டும் சாயம் வைத்துத் தூரிகையால் இழுக்கிறார். ஈரம் பட்ட பக்கம் சாயம் நீர்த்துவிடுகிறது. பிறகு தாளை வைத்து, 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்துகிறார். ஒவ்வொரு தாளுக்கும் இதே பாடு! அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வானத்தின் உச்சியில் நேர்ப்பட்டையாக ஓடும் மங்கலுக்கு 'இச்சிமோன்ஜி பொகாஷி' என்று பெயர். 'இச்சிமோன்ஜி' என்றால் 'ஒன்று' என்னும் எழுத்து. ஜப்பானியர் அதைக் கிடைக்கோடாகவே எழுதுவார்கள்.

ஜப்பானிய அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் 'ரியோகோகு வாணவேடிக்கை' (1858) படத்தில் சுமிதா ஆற்றின்மேல் பொறிகள் சிதறுகின்றன. கீழே பாலமும் படகுகளும். அங்கே இரவு வெறும் கறுப்புப் பூச்சாக இல்லை; பொகாஷியாகக் கரைகிறது. என்னைக் கேட்டால், அந்த ஒளியில் பாதி அச்சிட்டவருடையது. அவர் பெயரைப் படத்தில் தேடினால் கிடைக்காது.